சார் இல்லீங்க, நான்தாங்க

கடையைத் திறந்து கைலிக் கட்டுகளை வெளி மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் 'லாட்ஜ் தவமணி' என்று வந்தது. அந்தப் பெயரைப் பார்த்தால் நான் ஹலோ சொல்லும் வழக்கமே கிடையாது. "சார், ரூம் இருக்கா சார்?" என்றேன். "இருக்கு சார், ஆனா உங்க மூஞ்சிக்கு இல்ல சார்" என்று அவள் சொல்ல வேண்டும். பல வருடங்களாக எங்கள் வணக்கம் அதுதான். அன்றைக்குப் பதில் வரவில்லை. யாரோ மூச்சை இழுத்து அடக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "மாமா, நான் மதி பேசுறேன்" என்றாள் அவள் மகள். "அம்மா போயிட்டாங்க மாமா. விடியக்காலைல."

சாவுச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லும் 'இன்னாலில்லாஹி'க்கு மேல் என் வாயில் ஒரு சொல் வரவில்லை. மேடையில் மைக்கைக் கொடுத்தால் கரண்ட் போகிற வரைக்கும் பேசுகிறவன் என்று ஊரில் என்னைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவன் அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவள்தான், "வந்துருங்க மாமா" என்று சொல்லி வைத்தாள்.

தவமணியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று நினைப்பவர்களுக்கும் தெரியும். காரைக்காலிலும் திருநள்ளாற்றிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கல்யாண வரவேற்பில் அரசலாறு மெல்லிசைக் குழு பாடியிருந்தால், நீங்கள் இலையில் உட்கார்ந்து ஜாங்கிரியைப் பிய்க்கும்போது காதில் விழுந்த பெண் குரல் அவளுடையது. நான் அந்தக் குழுவின் அறிவிப்பாளன். பகலில் கைலிக் கடை, மாலையில் மைக். அச்சில் எழுதும்போது இறந்தவரை 'அவர்' என்று எழுத வேண்டும் என்பார்கள். எழுதிப் பார்த்தேன், யாரையோ எழுதுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தங்கச்சி அவள். அவள் என்றேதான் எழுதப் போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மெல்லிசைக் குழுக்களின் தொழில் முறை ஒன்று உண்டு. அசல் பாட்டு எப்படி இருக்கிறதோ, அச்சு அசலாக அப்படியே பாட வேண்டும். மூச்சு விடுகிற இடம் கூட மாறக் கூடாது. ஒரு பாடகரைப் பார்க்கப் போனால் கல்யாண வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "யார் வாய்ஸ் பாடுவீங்க?" என்பதுதான். உங்கள் வாய்ஸ் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். தவமணிக்கு வாய்த்தது ஒரு பெரிய பாடகியின் குரல். யார் என்று உங்களுக்கே தெரியும். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், இது தவமணிக்கான பக்கம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு குரலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. நானும் மேடையில், "இதோ, நமது மண்ணின்..." என்று ஆரம்பித்து அந்தப் பெரிய பெயரைச் சொல்லித்தான் அவளை அழைப்பேன். கைதட்டல் அந்தப் பெயருக்கு விழும், அவள் எழுந்து வந்து வாங்கிக்கொள்வாள்.

ஆனால் அவளுடைய சொந்தக் குரல் வேறு. அது அடித்தொண்டையிலிருந்து வருகிற கரகரத்த, கனத்த குரல். "கொட்டாங்குச்சிய சிமெண்டுத் தரையில தேய்ச்சா எப்புடி இருக்கும், அதாண்ணே நானு" என்பாள். அவள் வேலை பார்த்தது திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில், வரவேற்பு மேசையில். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மறுநாள் சனீஸ்வரனைக் கும்பிட வருகிறவர்களின் போன் ஓயாது. எடுத்தவுடனே எல்லாரும், "சார், ரூம் இருக்கா சார்?" என்பார்கள். ஒருநாள் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வந்த போனுக்கெல்லாம் அவள் சளைக்காமல், "இருக்கு சார், இல்ல சார்" என்று சாராகவே பதில் சொன்னாள். "ஏம்மா, பொம்பளைன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றேன். "சொன்னா நம்ப மாட்டான்ணே. சார், போனை மேடம்கிட்ட குடுங்கன்னுவான்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு நிற்கும்போது வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்போதுதான் அந்தப் பாடகியின் குரலை ரேடியோவில் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டாளாம். பாடும்போது அந்தக் குரல், பேசும்போது இந்தக் குரல். வரவேற்பு முடிந்து பாராட்ட வருகிறவர்களிடம் அவள் பேச மாட்டாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். பேசினால் அவர்கள் முகம் மாறும், அதை எத்தனை முறை பார்ப்பது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

இந்த இடத்தில் சேவியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் கீபோர்டு வாசிப்பவன். அவனுடைய மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்பார்கள். அவர் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளைக் கேட்டுத்தான் சேவியர் கெட்டுப்போனான். எல்லாம் எண்பதுகளின் சிந்தசைசர் பாட்டு. மெஷின் மாதிரி தாளம், விறைப்பாக நின்றுகொண்டு கிறுக்குத்தனமாகப் பாடுகிற ஆட்கள். "இதுக்குப் பேரு நியூ வேவ், புது அலைண்ணே. நல்லா பாடணும்னு இல்ல, நீயா பாடணும். அவ்வளவுதான் சட்டம்" என்பான். "கடற்கரை ஊர்க்காரனுக்கு அலையைப் பத்திப் பாடம் எடுக்காத, கல்யாண வீட்டுல சாம்பார் ஆறுது, வாசி" என்று நான் அவனை அடக்கி வைத்திருந்தேன். தவமணி மட்டும் அந்தக் கேசட்டுகளைக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இவங்கள்லாம் தொண்டைய மறைக்கலையேண்ணே" என்றாள்.

அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அவளே எழுதினாள். தலைப்பு: 'சார் இல்லீங்க, நான்தாங்க'. சேவியர் மெட்டுப் போட்டான். கேட்டவர்கள் சொல்லுங்கள், அப்படி ஒரு பாட்டை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா. முதலில் பழைய போன் மணி அடிக்கும். லாட்ஜ் மேசை மணி 'டிங்' என்று தாளத்துக்கு விழும். ரூம் சாவிக் கொத்தைக் குலுக்குவதுதான் சலங்கை. அடியில் சிந்தசைசர், ரப்பர் பந்து படிக்கட்டில் குதித்து இறங்குவதைப் போல ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் அவள்:

சார் ரூம் இருக்கா, சார் ரூம் இருக்கா,
சார் இல்லீங்க, நான்தாங்க.
தொண்டையில என்ன, தொண்டையில என்ன,
தொண்டையில நான்தாங்க.
குயிலுக்கு ஊரெல்லாம் பேரு,
எங்கூர்ல காக்காவுக்குத்தான் முதல் சோறு.

திருநள்ளாற்றுக்காரி இல்லாமல் வேறு யார் இந்தக் கடைசி வரியை எழுத முடியும்? சனீஸ்வரன் ஏறி வருகிற பறவையாயிற்றே.

எழுதியது சுலபம், பாடியதுதான் பெரும்பாடு. சேவியர் வீட்டு உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி ஒலிப்பதிவு. மைக் முன்னால் நின்றதும் தவமணியின் தொண்டை தானாக மாறிவிட்டது. "சார் இல்லீங்க" என்று அந்தப் பெரிய பாடகி தேனொழுகப் பாடுகிறார். நிறுத்து, மறுபடியும் தேன். எத்தனை தடவை என்று கணக்கில்லை. சேவியர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "வர மாட்டேங்குதுண்ணே. பாட்டுன்னாலே அந்தம்மா வந்து உக்காந்துடுறாங்க. என்னைய எங்க போட்டேன்னு தெரியல" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் சேவியர் லாட்ஜில் கெட்டுப்போய்க் கிடந்த பழைய போன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். ரிசீவரை அவள் கையில் கொடுத்தான். என்னைப் பக்கத்து அறையில் நிற்கவைத்து, "நீங்க கஸ்டமருண்ணே, கேளுங்க" என்றான். நான் கேட்டேன்: "சார், ரூம் இருக்கா சார்?" ரிசீவரைக் காதில் வைத்ததும் அவளுக்கு அது பாட்டு இல்லாமல் போய்விட்டது. வேலையாகிவிட்டது. "சார் இல்லீங்க, நான்தாங்க" என்று அந்தக் கொட்டாங்குச்சிக் குரல் தாளத்தில் வந்து இறங்கியது. முழுப் பாட்டையும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டேதான் பாடினாள். நான் கேட்ட கேள்வியையும் சேவியர் பாட்டிலேயே விட்டுவிட்டான். என் வாழ்க்கையில் ஒலிப்பதிவான ஒரே வரி அது.

முதல் அரங்கேற்றம் கோட்டுச்சேரிமேட்டு மீனவக் குடும்பத்துக் கல்யாண வரவேற்பில். அவளை எப்படி அழைப்பது என்று எனக்குக் குழப்பம். வழக்கமான பெரிய பெயரைச் சொன்னால் பொருந்தாது. மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டேன். "பேரச் சொல்லுங்கண்ணே. எங்கப்பா வச்ச பேரு ஒண்ணு இருக்குல்ல" என்றாள். "அடுத்து, தவமணி" என்று மட்டும் சொன்னேன். ஒரு கை தட்டவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் சாப்பாட்டுப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, "ஏம்மா, தொண்டை கட்டியிருக்கா? சுக்குக் கஷாயம் வச்சுக் குடிம்மா" என்று அக்கறையோடு சொன்னார். வீடியோக்காரர் மைக் கெட்டுவிட்டது என்று நினைத்து வயரை ஆட்டிப் பார்த்தார். தவமணி பாட்டை நிறுத்தவில்லை. கடைசி 'டிங்' வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

இறங்கிய இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை நின்றிருந்தார், அஞ்சலையம்மா. தெருத்தெருவாகப் போய் மீன் விற்கிறவர். அவர் கூவினால் மூன்றாவது தெருவில் பூனை எழுந்துகொள்ளும், அப்படி ஒரு தொண்டை. "என்னா தாயி இது, என் குரலால்ல பாடுற" என்றார். "எந்தக் காதுகுத்துல, எந்த வளைகாப்புல பாட்டெடுத்தாலும் நீ வாய மூடுன்னுவாளுவ எனக்கு. இனிமே இதான் என் பாட்டு." தவமணி அவரிடம் கும்பிட்டுவிட்டு நகரவில்லை. தன் குரலிலேயே பேசினாள். இரண்டு பேரும் பந்தி முடிகிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

சேவியர் அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றினான். ஊரில் எங்களைத் தவிர யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பிரான்ஸில் இருக்கிற அவன் உறவுக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் பிரெஞ்சில் ஒரு வரி எழுதியிருந்தார். சேவியர் அதைத் தமிழில் சொன்னான்: 'இந்தக் குரல் யாருடையது?' தவமணி அன்று முழுக்க லாட்ஜில் கால் தரையில் படாமல் நடந்தாள். "யாரு மாதிரின்னு கேக்கல பாருங்கண்ணே. யாருன்னு கேட்டிருக்கான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பெரிய பாடகியின் குரலை விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீடுகள் கேட்டது அதைத்தான், அவளும் ஆசையோடுதான் பாடினாள். "அது என் பக்திண்ணே" என்பாள். "ஆனா சாமி கும்புடுறவ சாமி ஆயிட மாட்டால்ல. கும்புட்டுட்டு வீட்டுக்கு வரணும்." வரவேற்பு முடிந்து வேனில் திரும்பும்போது, எல்லாரும் தூங்கி வழிகையில், 'தொண்டையில நான்தாங்க' என்று தனக்குள் முணுமுணுப்பாள். சேவியர் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் குழுவில் அந்தப் பாட்டுக்கு இசை வாசிக்க ஆளில்லை. அது அந்த ஒரு பாட்டாகவே நின்றுவிட்டது.

இந்த வருடம் அவளுக்கு இதய வால்வில் கோளாறு என்றார்கள். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். முகம் வீங்கியிருந்தது. மகளும் பக்கத்தில் இருந்தாள். "அண்ணே, எம் படத்திறப்புல அந்தம்மா பாட்டப் போட்டுறாதீங்க. செத்தது அவங்கன்னு நெனச்சுக்கிட்டு ஊரு அழுவும், பாவம்" என்றாள். "வாயைக் கழுவு" என்று அதட்டினேன். "கழுவிட்டேன், அப்பயும் இதே குரல்தான் வருது" என்றாள். மதி சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காலையில் காரியம், மாலையில் படத்திறப்பு. அவள் கணவர் ராஜாங்கத்தின் ஊரான சுரக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். நான் பேச வேண்டும் என்று மதி சொல்லியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. மண்டபமே அழுதுகொண்டிருந்தது. "என்னா குரல், என்னா குரல். தேனா இருந்துச்சே" என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு நிமிடம் நின்று கேட்டேன். அறிவிப்பாளனாக இருந்த காதுக்கு எங்கேயோ உறுத்தியது. பின்னணியில் ஒரு பெரிய வயலின் கூட்டம் வாசிக்கிறது. எங்கள் குழுவில் ஏது வயலின்?

மைக்செட் கோவிந்துவிடம் போனேன். எங்கள் கச்சேரிகளுக்கு வருடக்கணக்கில் மைக்செட் போட்டவன், தவமணி மேல் உயிராக இருந்தவன். கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். "கோவிந்து, இது அசல் படப் பாட்டுடா" என்றேன். அவன் விழித்தான். "அக்கா பாடுன பாட்டா தேடித் தேடி எறக்குனேன் பாய். கேட்டுப் பாத்துதான் போட்டேன். அக்கா மாதிரியேதானே இருக்கு?" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆயுள் முழுக்க இன்னொருவர் மாதிரி இருக்கிறாள் என்று அவளைச் சொன்னார்கள். செத்த பிறகு அந்த இன்னொருவர் அவள் மாதிரி இருக்கிறார்.

மதி வந்து பக்கத்தில் நின்றாள். "மாமா, இவ்வளவு நேரமா பாட்டு போடுறாங்க. அம்மா இன்னும் வரவே இல்ல" என்றாள். "உன்கிட்ட 'சார் இல்லீங்க' இருக்காம்மா?" என்று கேட்டேன். அவள் போனில் அந்தப் பாட்டு இருந்தது. கோவிந்து வாங்கி ஒயரை மாட்டப் போனான். அதற்குள் தவமணியின் அண்ணன் வந்துவிட்டார். "என்ன பாட்டு? அந்த டிங் டிங் பாட்டா? துக்க காரியம்ங்க இது. எல்லாரும் சிரிப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தங்கையின் படத்துக்கு முன்னால் ஊர் சிரிக்கக் கூடாது என்று நினைத்தார், அவ்வளவுதான். கோவிந்துவின் கை அப்படியே நின்றது. மதி என்னைப் பார்த்தாள். நான் ராஜாங்கத்தைப் பார்த்தேன்.

ராஜாங்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். எங்கள் கச்சேரிக்கும் அவர் வந்ததே இல்லை. மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "போடுங்க" என்றார். மைத்துனர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மச்சான், இப்ப வரைக்கும் பாடுனது யாருன்னே எனக்குத் தெரியல. வீட்டுல எங்கிட்ட பேசுன குரல அதுல கேக்கலாம்னு மதி சொல்லுது. ஒருக்கா கேட்டுக்குறேன், விடுங்க" என்றார்.

பெரிய மனிதர்கள் பேசும் மைக்கை எடுத்து, "அடுத்து, தவமணி" என்று சொன்னேன். போன் மணி அடித்தது. மண்டபத்தில் பாதிப் பேர் சட்டைப் பையையும் இடுப்பையும் தடவினார்கள். "சார், ரூம் இருக்கா சார்?" என்று என்னுடைய குரல் கேட்டது. அப்புறம் அவள் வந்தாள். கரகரவென்று, சளி பிடித்த மாதிரி, அவள் அவளாகவே வந்தாள். சிலர் சிரித்தார்கள், அவள் அண்ணன் பயந்தது சரிதான். ஆனால் குயிலுக்கு ஊரெல்லாம் பேரு என்கிற வரி வந்து, அடுத்த வரியும் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அன்று காலையில் அவளுக்காகக் காக்காவுக்கு முதல் சோறு வைத்துக் காத்திருந்தவர்கள்தான் அத்தனை பேரும். கடைசி வரிசையில் அஞ்சலையம்மா மட்டும் தன் தொண்டையில் உரக்கச் சேர்ந்து பாடினார். யாரும் அவரை வாயை மூடச் சொல்லவில்லை. ராஜாங்கம் ஒலிபெருக்கிக்கு எதிரில் போய் நின்றுகொண்டு, வீட்டில் அவள் பேசும்போது தலையாட்டுவாரே, அப்படி ஆட்டிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார்.

தவமணியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால், அந்தப் பாட்டின் முதல் இரண்டு வரிதான். என் கேள்வியும் அவள் பதிலும். மதி அதை வெட்டி என் போனில் அழைப்பு மணியாக வைத்துக் கொடுத்திருக்கிறாள். 'லாட்ஜ் தவமணி' என்ற பெயரை அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். கடையில் போன் அடித்தால் நான் உடனே எடுப்பதில்லை. கைலி பார்க்க வந்தவர்கள், "பாய், போன் அடிக்குது" என்கிறார்கள்.

"இருங்க, அவ சொல்லி முடிக்கட்டும்" என்கிறேன்.